ஒரே சார்ட்டை வச்சு எங்களை பாஸ் பண்ணாதீங்க

மாஸ்டர் செக்கப் பேக்கேஜ் போடுற ஆஸ்பத்திரி நிர்வாகங்களுக்கு, லேப் நடத்துறவங்களுக்கு, அந்த ரிப்போர்ட்டுக்குக் கீழ கையெழுத்து போடுற டாக்டர்களுக்கு,

போன வாரம் எங்க கம்பெனி நோட்டீஸ் போர்டுல இந்த வருஷ மெடிக்கல் கேம்ப்புக்கான பேப்பர் ஒட்டினாங்க. ஸ்டாஃபுக்கும் வீட்டுக்காரருக்கும் (இல்ல வீட்டுக்காரம்மாவுக்கும்) சேர்த்து ஒரே ரேட், 60-க்கு மேல டெஸ்ட்டுனு பெரிய எழுத்துல போட்டிருந்துச்சு. கீழ பொடி எழுத்துல ஒரு வரி, சாப்பிட்ட ரெண்டு மணி நேர சுகர் டெஸ்ட் இந்த வருஷத்துல இருந்து கிடையாது, அதுக்கு பதிலா எச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகரைக் காட்டுற ரத்த டெஸ்ட்) மட்டும், "உங்கள் நேரத்தை மிச்சப்படுத்த". அந்த வரியைப் படிச்சதும் எனக்கு கை நடுங்கிடுச்சு. ஏன்னா போன வருஷம் அந்த நேர மிச்சத்துலதான் என் சுகர் தப்பிச்சுப் போச்சு.

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில செக்கிங் சூப்பர்வைசர். 19 வருஷமா டேபிள் முன்னாடி நின்னு பீஸ் பாக்குறவ. டாக்டருக்குப் படிக்கல, ஆனா ஒரு அளவு சரியா தப்பான்னு பாக்குறது என் பொழப்பு, அதனால இதைப் பத்திப் பேச எனக்கும் கொஞ்சம் உரிமை இருக்குனு நினைக்கிறேன். எங்க டேபிள்ல ஜென்ட்ஸ் எல் சைசுக்கு ஒரு மெஷர்மென்ட் சார்ட், லேடீஸ் எல் சைசுக்கு வேற சார்ட். ரெண்டுலயும் எல்னுதான் இருக்கும், ஆனா மார்பு, இடுப்பு, தோள் எல்லாம் வேற வேற. புதுசா வந்த பொண்ணு ஒருத்தி ஜென்ட்ஸ் சார்ட்டை வச்சு லேடீஸ் பீஸ் 300-ஐ பாஸ் பண்ணிட்டா ஒருநாள், மொத்த பெட்டியையும் பிரிச்சு மறுபடி பாத்தோம், ராத்திரி பதினோரு மணி ஆச்சு. டேப் சரி, பாத்த கண்ணும் சரி. சார்ட்டுதான் தப்பு. உங்க சென்டர்ல எனக்கு நடந்ததும் இதேதானுங்க.

நடந்ததை வரிசையா சொல்றேன். போன வருஷம் நானும் வீட்டுக்காரரும் கேம்ப்புக்குப் போனோம். எனக்கு அப்ப 46 வயசு. வெறும் வயித்துல ரத்தம் எடுத்தாச்சு, இட்லி குடுத்தாங்க, ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடி வாங்கன்னாங்க. அன்னிக்கு ஷிப்மென்ட், பத்தரைக்குள்ள நான் கம்பெனியில இருக்கணும். அங்க இருந்த பொண்ணுகிட்ட கேட்டேன், "எச்பிஏ1சி எடுத்துட்டோம்ல மேடம், அது மூணு மாச ஆவரேஜ், அதுவே போதும்"னு சொல்லிச்சு. சரின்னு கிளம்பிட்டேன்.

நாலு நாள் கழிச்சு ரிப்போர்ட் வாங்கப் போனோம். வீட்டுக்காரருக்கு ஃபாஸ்டிங் 113, எச்பிஏ1சி 5.9, ரெண்டும் சிவப்பு. எனக்கு ஃபாஸ்டிங் 98, எச்பிஏ1சி 5.5, ரெண்டும் பச்சை. எச்டிஎல், அதாங்க நல்ல கொழுப்பு, அவருக்கு 41, எனக்கு 43. பக்கத்துல "40-க்கு மேல் நார்மல்"னு ரெண்டு பேர் பேப்பர்லயும் ஒரே வரி. அவரை டயட்டீசியன் உள்ள கூப்பிட்டு இருபது நிமிஷம் உட்கார வச்சுப் பேசினாங்க. நான் வெளிய பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்திருந்தேன். கடைசியில என்னையும் கூப்பிட்டாங்க, எதுக்குன்னா அவருக்கு என்ன சமைச்சுப் போடணும்னு சொல்ல. "நீங்க சூப்பரா இருக்கீங்க மேடம், சாரை மட்டும் பாத்துக்கங்க"ன்னாங்க. சிரிச்சுட்டு வந்தேன். மூணு மாசம் அவருக்கு ராகிக்களியும் கீரையும் வடிச்சுப் போட்டுட்டு மிச்சம் இருக்கிற சோத்தை நான் தின்னேன், வீணாப் போயிடக் கூடாதேன்னு.

அடுத்த ஏழு மாசம் நான் பட்டது யாருக்கும் தெரியாது. மத்தியானம் சாப்பிட்டதும் கண்ணைச் சொருகும், டேபிள்ல நின்னுக்கிட்டே தூங்கி இருக்கேன். இதை எழுதக் கூச்சமாத்தான் இருக்கு, ஆனா எழுதணும், அடியில அரிப்பு, களிம்பு போட்டா போகும், மறுபடி வரும். மெடிக்கல் ஷாப்ல வாங்கிப் போட்டு போட்டு அலுத்துப்போய் ஒரு லேடி டாக்டர்கிட்ட போனேன். சின்ன கிளினிக். அந்தம்மா என் ரிப்போர்ட் ஃபைலைத் தொறக்கவே இல்ல. முதல் கேள்வியே "மாசமா இருந்தப்ப உங்களுக்கு சுகர் இருந்துச்சா?"ன்னுதான்.

இருந்துச்சு. ரெண்டாவது பொண்ணு வயித்துல இருந்தப்ப. குளுக்கோஸ் தண்ணியை குடிக்க வச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுத்தாங்க, 158 இருந்துச்சு, 140-க்கு மேல போனாலே கர்ப்பகால சுகர்னு சொல்லி சாப்பாட்டுலயே கட்டுப்படுத்தினாங்க. பிரசவம் ஆனதும் சரியாப் போச்சுன்னாங்க. ஆறு வாரத்துல மறுபடி ஒரு தடவை எடுக்கணுமாம், அப்ப எனக்கு அது தெரியாது, கைக்குழந்தையை வச்சுக்கிட்டு தெரிஞ்சிருந்தாலும் போயிருப்பேனான்னு சொல்ல முடியாது. அந்த மட்டும் தப்பு என் பேர்லயும் உண்டு. ஆனா பத்து வருஷத்துல நான் மூணு செக்கப் பண்ணியிருக்கேன், மூணு தடவையும் ஃபாரம் ஃபில் பண்ணியிருக்கேன், சிகரெட் பிடிப்பீங்களா, மது குடிப்பீங்களான்னு எல்லாம் கேட்டாங்க, இந்த ஒரு கேள்வி அதுல இல்ல.

டாக்டரம்மா 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வச்சு டெஸ்ட் எடுத்தாங்க. ஃபாஸ்டிங் 104. ரெண்டு மணி நேரம் கழிச்சு 218. ஒரு வாரம் விட்டு இன்னொரு தடவை எடுத்தாங்க, 211. 200 தாண்டினா சர்க்கரை நோய். முடிஞ்சது.

அந்தம்மா அப்புறம்தான் என் பழைய ஃபைலைப் பாத்தாங்க, பாத்துட்டு தலையில கை வச்சுக்கிட்டாங்க. செக்கப்புக்கு ஆறு வாரம் முன்னாடி எனக்கு இரும்பு ஊசி போட்டிருந்தாங்க, கர்ப்பப்பையில கட்டி இருந்து மாசா மாசம் ரத்தம் அருவி மாதிரி போய் ஹீமோகுளோபின் 8-க்கு வந்திருந்துச்சு. உங்க ரிப்போர்ட்டுலயே ஹீமோகுளோபின் 10.6-னு சிவப்புல இருக்கு. அதுக்கு ரெண்டு பக்கம் தள்ளி எச்பிஏ1சி 5.5-னு பச்சையில இருக்கு. இந்த சிவப்பும் அந்தப் பச்சையும் ஒண்ணோட ஒண்ணு சம்பந்தப்பட்டதுனு யாரும் சொல்லல.

எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். எச்பிஏ1சிங்கிறது சிவப்பணுவுல ஒட்டியிருக்கிற சர்க்கரையோட கணக்கு. ஒரு சிவப்பணு கிட்டத்தட்ட 120 நாள் ஓடும், ஓட ஓட சர்க்கரை ஒட்டிக்கிட்டே போகும், அதனாலதான் மூணு மாச சராசரின்னு சொல்றாங்க. இப்ப ரத்தம் நிறைய போயி, இரும்பு ஊசியும் போட்டு, உடம்பு அவசர அவசரமா புது அணுவா செஞ்சு தள்ளிட்டு இருக்குன்னா, ரத்தத்துல இளசு அணு நிறைய இருக்கும். அதுல சர்க்கரை ஒட்ட நேரமே இருந்திருக்காது. அப்ப எண் இறங்கித்தான் காட்டும். பொய் சொல்லல, அது வேற எதையோ அளக்குது.

என் நாத்தனாருக்கு இதுக்கு நேர் எதிர். அவளுக்கு ரத்தசோகை, வைத்தியமே பாக்கல. இரும்புச்சத்து குறைஞ்சு, அணு உற்பத்தி மந்தமாகி, பழைய அணுவே சுத்திக்கிட்டு இருந்தா எச்பிஏ1சி ஏறிக் காட்டலாமாம். அவளுக்கு 6.1 வந்துச்சு, அழுதுட்டே போன் பண்ணினா. ஒரு டாக்டர் மாத்திரையே எழுதிட்டார். நான் என் அனுபவத்தைச் சொல்லி டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போனேன், குளுக்கோஸ் குடிச்சு எடுத்த டெஸ்ட் நார்மல், நாலு மாசம் இரும்பு மாத்திரை சாப்பிட்டு மறுபடி எடுத்தா எச்பிஏ1சி 5.4. ஒரே வீட்டுல ரெண்டு பொம்பளைங்க, ஒருத்திக்கு இல்லாத நோயை இருக்குன்னீங்க, ஒருத்திக்கு இருக்கிற நோயை இல்லைன்னீங்க.

இது எங்க ரெண்டு பேரோட தலையெழுத்துன்னு விட்டுடலாம், ஆனா தமிழ்நாட்டுல 15-ல இருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல நூத்துக்கு 53 பேருக்கு ரத்தசோகைன்னு 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்லுது. பாதிக்கு மேல! அந்தப் பாதிப் பேருக்கு எச்பிஏ1சி எண்ணை அப்படியே நம்ப முடியாதுன்னா, பெண்களுக்கு அந்த ஒரே டெஸ்ட்டை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததைத் தூக்குறது எந்த ஊரு நியாயம்? சிவப்பணுவோட ஆயுசு மாறியிருக்கிறப்ப எச்பிஏ1சியை வச்சு முடிவு பண்ணாதீங்க, நேரா ரத்தத்துல குளுக்கோஸைப் பாருங்கன்னு நீங்க ஃபாலோ பண்ற அமெரிக்க சர்க்கரை நோய் சங்கத்தோட வழிகாட்டுதல்லயே இருக்கு. 5.7 வந்தா பார்டர், 6.5 வந்தா சர்க்கரை நோய்னு எல்லைக்கோடு மட்டும் அங்க இருந்து எடுத்துக்கிட்டீங்க, அந்த எச்சரிக்கையை விட்டுட்டீங்க.

ரத்தசோகையே இல்லாத பொண்ணுக்குக் கூட வித்தியாசம் இருக்காம். 2023-ல இங்கிலாந்துல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, 50 வயசுக்குக் கீழ இருக்கிற பெண்களோட எச்பிஏ1சி அதே வயசு ஆண்களைவிட சராசரியா கொஞ்சம் குறைவா இருக்கு, மாசா மாசம் ரத்தம் போய் புது அணு வர்றது ஒரு காரணமா இருக்கலாம், அதனால இந்த வயசுப் பெண்கள்ல சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்படாம போகலாம்னு. வித்தியாசம் சின்னதுதான். எங்க டேபிள்ல கழுத்துல கால் இஞ்ச் சின்னதுதான், ஆனா பார்டர்ல இருக்கிற பீஸுக்கு அந்தக் கால் இஞ்ச்தான் பாஸா ரிஜெக்டான்னு முடிவு பண்ணும்.

ஃபாஸ்டிங் மட்டும் பாத்தா போதாதான்னு கேப்பீங்க. அங்கயும் எங்களுக்கு ஆப்புதான். ஆம்பளைங்களுக்கு முதல்ல ஏறுறது பெரும்பாலும் வெறும் வயித்து சுகர், பொம்பளைங்களுக்கு அதிகமா ஏறுறது ரெண்டு மணி நேர சுகர், பல நாட்டுல எடுத்த கணக்குல இது திரும்பத் திரும்ப வந்திருக்கு. எங்க உடம்பு சின்னது, குடிக்கிற குளுக்கோஸ் ரெண்டு பேருக்கும் அதே 75 கிராம், அதனாலயும் அப்படி இருக்கலாம்னு ஒரு விளக்கம் சொல்றாங்க. காரணம் எதுவா வேணா இருந்துட்டுப் போகட்டும். என் வீட்டுக்காரர் ஃபாஸ்டிங்ல மாட்டினார், நான் ரெண்டு மணி நேரத்துல மாட்டினேன், அப்படியே பாடப்புத்தகம். நீங்க வேண்டாம்னு தூக்கிப் போட்டிருக்கிற டெஸ்ட் எது? எங்களை மாட்ட வைக்கிற டெஸ்ட்.

இப்ப எச்டிஎல்லுக்கு வரேன், இதுலதான் எனக்குக் கோவம் அதிகம், ஏன்னா இதுக்கு பைசா செலவு கிடையாது. ஆண்களுக்கு 40-க்குக் கீழ போனா குறைவு, பெண்களுக்கு 50-க்குக் கீழ போனாலே குறைவு. இது ஏதோ நேத்து வந்த ஆராய்ச்சி இல்லீங்க, மெட்டபாலிக் சிண்ட்ரோம்னு ஒண்ணை (சுகரும் இதயநோயும் வர்ற ஆபத்தைக் காட்டுற அறிகுறிக் கூட்டம்) கணக்குப் போடுறதுக்கு உலகம் பூரா வருஷக்கணக்கா இதைத்தான் வச்சிருக்காங்க. அஞ்சுல மூணு இருந்தா அந்த சிண்ட்ரோம் இருக்குன்னு அர்த்தம். இடுப்புச் சுத்தளவு நம்ம நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90. டிரைகிளிசரைட், ரத்தத்துல இருக்கிற இன்னொரு கொழுப்பு, 150. எச்டிஎல் நான் சொன்னது. பிபி 130-க்கு 85. ஃபாஸ்டிங் 100. எனக்கு டிரைகிளிசரைட் 171, இந்த அஞ்சுல அது மட்டும்தான் உங்க பேப்பர்ல சிவப்பு. எச்டிஎல் 43, உங்க சார்ட்டுல பாஸ், சரியான சார்ட்டுல ஃபெயில். இடுப்பை நீங்க அளக்கவே இல்ல, நான் வீட்டுக்கு வந்து என் டேப்பை வச்சு அளந்தேன், 89. மூணாச்சா? ஒண்ணுன்னு சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பினீங்க, நிஜத்துல மூணு. குளுக்கோஸ் குடிக்காமலே, ஒரு ரூபா கூட செலவில்லாமலே, "இந்தம்மாவை விடக் கூடாது"ன்னு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்.

ரெண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கிட்டு நான் உங்க ஆட்கள்ல ஒருத்தரைப் போய்ப் பாத்தேன். எந்த சென்டர்னு எழுதப் போறதில்ல, ஏன்னா அப்புறம் நான் தெரிஞ்சவங்க நாலு பேர்கிட்ட வேற வேற லேப் ரிப்போர்ட்டை வாங்கிப் பாத்தேன், ரெண்டுல இதே கதைதான். மேனேஜர் மரியாதையாத்தான் பேசினார். "சாஃப்ட்வேர்ல அப்படித்தான் மேடம் வருது, ஆம்பளை பொம்பளை எல்லாருக்கும் ஒரே ரேஞ்ச்தான்"ன்னார். நான் அவர் கையில இருந்த பேப்பரையே திருப்பிக் காட்டினேன். ஹீமோகுளோபினுக்கு ஆண், பெண் ரெண்டு வரி இருக்கு. யூரிக் ஆசிட்டுக்கு ரெண்டு வரி இருக்கு. கிரியாட்டினினுக்கு ரெண்டு வரி இருக்கு. அதுக்கெல்லாம் தெரிஞ்ச சாஃப்ட்வேருக்கு எச்டிஎல் வந்ததும் மட்டும் நான் பொம்பளைங்கிறது எப்படிங்க மறந்துபோகும்? மேல சொல்லிப் பாக்குறேன்னார். சொன்னாரா தெரியல, நோட்டீஸ் போர்டுல வந்தது இந்த நேர மிச்சம்தான்.

என் அக்கா பொண்ணு பத்தியும் சொல்லணும். 23 வயசு, பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டின்னு சொல்வாங்களே), மாதவிடாய் மூணு மாசத்துக்கு ஒருதரம், தாடையில முடி. மூணு இடத்துல காட்டியாச்சு, ஸ்கேன் எடுத்தாங்க, வெயிட்டைக் குறைன்னாங்க, "கல்யாணம் ஆனா சரியாகிடும்"னு ஒரு இடத்துல சொன்னாங்க (அந்த வாக்கியத்துக்கு மட்டும் தனியா ஒரு மடல் எழுதணும்). யாரும் சுகர் பாக்கல. ரத்தத்துல டெஸ்டோஸ்டிரோன்னு ஒரு ஹார்மோன், ஆண் ஹார்மோன்னு சொல்வாங்களே, அது ரெண்டு பேருக்கும் இருக்கு, ஆனா வேலை செய்யற திசைதான் வேற. ஆம்பளைக்கு அது குறைஞ்சா சர்க்கரை ஆபத்து கூடுது, பொம்பளைக்கு அது கூடினா ஆபத்து கூடுது. 2020-ல பிரிட்டன்ல 4 லட்சம் பேருக்கு மேல மரபணுவை வச்சுப் பாத்த ஆராய்ச்சி இதையே உறுதியா சொல்லிடுச்சு. அந்த ஹார்மோனைத் தூக்கிச் சுமக்கிற ஒரு புரதம் இருக்கு, எஸ்எச்பிஜின்னு பேரு, ஈரல்ல உற்பத்தியாகுது, அது குறைஞ்சவங்களுக்கு சர்க்கரை வர்ற வாய்ப்பு அதிகம், அந்தத் தொடர்பு பெண்கள்கிட்ட இன்னும் பலமா தெரியுது. ஒரே பொருள் ஒருத்தருக்கு குறைஞ்சா ஆபத்து, இன்னொருத்தருக்கு கூடினா ஆபத்துன்னு இருக்கிறப்ப, ரத்தத்துக்கு ஆணென்ன பெண்ணென்னனு எப்படிங்க சொல்றீங்க? பிசிஓஎஸ் இருக்குன்னு தெரிஞ்சதுமே சுகர் பாக்கணும், அதுக்கு குளுக்கோஸ் குடிச்சு எடுக்கிறதுதான் துல்லியம்னு 2023 சர்வதேச வழிகாட்டுதல்ல இருக்கு. அக்கா பொண்ணுக்கு எடுத்தோம். 162. 140-க்கு மேல, 200-க்குக் கீழ, அதாவது எல்லையில நிக்குது. இருபத்தி மூணு வயசுல.

இதைப் படிச்சதும் யாராவது "லேடீஸ் ஹார்மோன் ஸ்பெஷல்"னு பிங்க் கலர்ல ஒரு பேக்கேஜ் போட்டு நாலாயிரம் ரூபா வாங்கக் கிளம்பிடாதீங்க, கையெடுத்துக் கும்பிடுறேன். எஸ்எச்பிஜியும் டெஸ்டோஸ்டிரோனும் எல்லாருக்கும் எடுங்கன்னு நான் கேக்கல. எடுத்த ரத்தத்துலயே இருக்கிற சேதியை ஒழுங்காப் படிங்கன்னுதான் கேக்குறேன்.

ஆம்பளைங்களும் இதுல ஜெயிச்சுட்டாங்கன்னு நினைக்காதீங்க. அவங்களுக்கு குறைஞ்ச எடையிலயே, இளவயசுலயே சர்க்கரை வந்துடுது. என் கொழுந்தனார் 36 வயசு, ஆளு பாக்க ஒல்லி, வயிறு மட்டும் முன்னாடி, "உனக்கெல்லாம் எதுக்குடா செக்கப்பு"ன்னு எல்லாரும் கிண்டல் பண்ணினோம், எச்பிஏ1சி 8.2. அவருக்கும் ஒல்லிங்கிற ஒரு பொதுக்கணக்குதான் வினையாச்சு.

பெண்களுக்கு என்ன ஆகுதுன்னா, சர்க்கரைங்கிற கோட்டைத் தாண்டறதுக்குள்ள எடை, பிபி, கொழுப்பு எல்லாம் ஆம்பளையைவிட ரொம்ப தூரம் மோசமாயிட்டு வந்திருக்கும். அதுக்கு அப்புறம் இதயத்துக்கு விழுற அடியும் பெருசு. 2014-ல 64 ஆய்வுகளை, 8 லட்சத்துக்கு மேல ஆட்களை ஒண்ணா சேர்த்துப் பாத்தாங்க. சர்க்கரை வந்த ஆணுக்கு, சர்க்கரை இல்லாத ஆணைவிட இதயக்குழாய் நோய் வர்ற ஆபத்து 2.16 மடங்கு. பெண்ணுக்கு, சர்க்கரை இல்லாத பெண்ணைவிட 2.82 மடங்கு. அதனால ஏழு மாசம் லேட்டுங்கிறது எனக்கும் அவருக்கும் ஒண்ணு இல்லீங்க.

வெளிநாட்டுக் கணக்கையே சொல்றேன்னு நினைக்க வேண்டாம். நம்ம சென்னையிலயே டாக்டர் மோகன் அவங்க குழு 2005-ல இந்தியர்களுக்குன்னு ஒரு சர்க்கரை ஆபத்து மதிப்பெண் கணக்கு போட்டாங்க, வயசு, இடுப்பு, உழைப்பு, அப்பா அம்மாவுக்கு சுகர் இருக்கா, இந்த நாலுதான், ஊசியே வேண்டாம். அதுல இடுப்புக்கு மார்க் போடுறப்ப பெண்ணுக்கு 80-ல ஆரம்பிக்கும், ஆணுக்கு 90-ல. கர்ப்பமான எல்லாருக்கும் சுகர் பாக்கணும்னு 2007-லயே ஆணை போட்ட மாநிலம் இது. அதுக்குப் பாடுபட்டவர் டாக்டர் சேஷய்யா, அவர் பிறந்த நாளான மார்ச் 10-ஐத்தான் நாடு பூரா கர்ப்பகால சர்க்கரை விழிப்புணர்வு நாளா வச்சிருக்காங்க. கர்ப்பகாலத்துல சுகர் வந்தவளுக்கு, வராதவளைவிட கிட்டத்தட்ட 10 மடங்கு ஆபத்துன்னு 2020-ல பெரிய ஆய்வு ஒண்ணு சொல்லுது. வயித்துல புள்ள இருக்கிற வரைக்கும் எங்க சுகர் மேல எல்லாருக்கும் அவ்வளவு அக்கறை. புள்ள வெளிய வந்ததும் அந்த 158 எந்தக் குப்பைக்குப் போச்சு?

நான் கேக்குறது இதுதாங்க. எச்டிஎல் வரியில ஆணுக்கு 40, பெண்ணுக்கு 50-னு ரெண்டா பிரிச்சுப் போடுங்க, உங்க சாஃப்ட்வேர்காரருக்கு ஒரு போன் போதும், இந்த மாசத்துக்குள்ள முடியும். ஹீமோகுளோபின் பெண்ணுக்கு 12-க்கும் ஆணுக்கு 13-க்கும் கீழ இருந்தா, எச்பிஏ1சி எண்ணுக்கு நேர் கீழயே, கடைசிப் பக்கத்துல இல்ல, "ரத்தசோகை இருப்பதால் இந்த அளவை மட்டும் நம்ப வேண்டாம், குளுக்கோஸ் பரிசோதனை செய்யவும்"னு தமிழ்ல அச்சடிங்க. சமீபத்துல இரும்பு ஊசி போட்டீங்களா, ரத்தம் ஏத்தினீங்களா, மாதவிடாய் அதிகமா போகுதான்னு ரத்தம் எடுக்கிறதுக்கு முன்னாடி கேளுங்க, அதை ஒரு நர்ஸ் பொண்ணு கேக்கட்டும், பத்து பேர் நிக்கிற வரிசையில ஃபாரத்தை நீட்டி இல்ல.

கர்ப்பகாலத்துல சுகர் இருந்துச்சா, பிசிஓஎஸ் இருக்கா, இந்த ரெண்டு கேள்வியும் ஃபாரத்துல வரணும், ஆமான்னு டிக் போட்டவளுக்கு 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்ட் பேக்கேஜுக்குள்ளயே இருக்கணும், தனி சார்ஜ் கூடாது. ரெண்டு மணி நேர டெஸ்ட்டை மறுபடி சேருங்க. அதுக்கு லேடீஸ் நிக்காம ஓடிடறாங்கன்னு நீங்க சொல்றது எனக்குப் புரியுது, நானே ஓடினவதான், ஆனா அதுக்கு டெஸ்ட்டையே தூக்குறது வழியில்ல, கம்பெனிக்காரங்ககிட்ட பேசி அந்த ரெண்டு மணி நேரத்தை சம்பளம் பிடிக்காம வாங்கிக் குடுங்க, இல்லைன்னா டீம் கம்பெனிக்கே வந்து எடுக்கட்டும். அப்புறம் ஒரு இஞ்ச் டேப். அதை நான் கேக்குறதே அசிங்கம்.

டயட்டீசியன் ரூமுக்குள்ள என்னைக் கூப்பிடுறப்ப என் பேப்பரை எடுத்து வச்சுக்கிட்டு கூப்பிடுங்க. சாரோட பேப்பரை வச்சுக்கிட்டு இல்ல.

கேம்ப் அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை. எங்க செக்கிங் செக்ஷன்ல இருந்து 38 பேர் வர்றோம். யாருக்கு கர்ப்பகாலத்துல சுகர் இருந்துச்சு, யாருக்கு இப்ப ரத்தசோகைன்னு நானே கேட்டு நோட்டுல எழுதி வச்சிருக்கேன், இதுவரைக்கும் கேட்டதுல அஞ்சு பேருக்கு கர்ப்பத்துல சுகர் இருந்திருக்கு, அஞ்சு பேருமே அதுக்கப்புறம் குளுக்கோஸ் டெஸ்ட் எடுத்ததில்ல. அதுக்கு முன்னாடி எங்க எச்ஆர் மூலமா எழுத்துல பதில் குடுங்க, செய்யறீங்களா இல்லையான்னு. இல்லைன்னா அந்த 38 பேரும் வேற இடத்துக்குப் போவோம், ஓனர்கிட்ட பேசியாச்சு. டேப் நான் கொண்டு வரேன்.

இப்படிக்கு,
செக்கிங் டேபிள்ல இருந்து ஒருத்தி,
திருப்பூர்